பத்துக் காம்பரா, பதினொரு புள்ளி

மேற்கணக்கு, தெரணியகலை
04.02.2024

அன்புள்ள விஜயகலா அக்காவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் குறையில்லாமல் இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் மட்டும் மேகம் கறுத்தாலே முனக ஆரம்பிக்கிறது. கொழும்புச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னார்.

அக்கா, நீ போனில் சொன்ன விலையைக் கேட்டு ஆடிப்போய்விட்டேன். யாரோ பாவித்த பழைய கேமரா, அதிலும் லென்ஸ் இல்லாத வெறும் உடம்பு, கன்றோடு ஒரு கறவை மாட்டை விட விலை கூடவா? அப்பாவிடம் சொன்னேன். "மாடு பால் குடுக்கும், இது என்னத்தக் குடுக்கும்?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனாலும் எனக்கு அதுதான் வேண்டும். போன மாதம் குருவிட்டயில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் வெளிச்சம் போதவில்லை. என் கேமராவில் மணப்பெண்ணின் முகம் முழுக்க மணல் தூவியது போல வந்தது. மாப்பிள்ளையின் மாமன் படத்தைப் பார்த்து, "தம்பி, பொண்ணுக்கு அம்மையா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். பின்னால் ஒரு பனிமலையை ஒட்டிக்கொடுத்துச் சமாளித்தேன். பனிமலை இருந்தால் நம் சனங்களுக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.

இரத்தினபுரி ஸ்டூடியோக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஃபுல் ஃப்ரேம் கேமராவோடு வந்தால் அடுத்த வருடம் தோட்டத்துக் கல்யாணங்கள் எல்லாம் எனக்கு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

உன் சீட்டு ஜூனில் விழும் என்றாய். டவுனில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம், அல்லது கேமரா வாங்கலாம், இரண்டில் ஒன்றுதான் என்றாய். கேமராவை வாங்கு அக்கா. அது உழைத்து ஒரே வருடத்தில் அப்பாவை இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போகும். பத்துக் காம்பரா, பத்துக் குடும்பம், ஒரே கூரை. முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கேட்கிறது. எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

தம்பி யோகராஜ்


புறக்கோட்டை, கொழும்பு
13.02.2024

அன்பான தம்பிக்கு,

நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல். அவருடைய முழங்காலுக்கு ஒரு போத்தல் தைலம் இதோடு வருகிறது.

கண்ணால் பார்க்காத கேமராவுக்கு என் சீட்டுக் காசைக் கேட்கிறாயே, உன் துணிச்சலைப் பார்த்து எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது. ஆழம் பார்க்காமல் காலை விடுகிற குணம் உனக்கு எங்கிருந்து வந்ததோ. ஆறு வருடமாக நிஸார் முதலாளியின் கடையில் கேமராக்களைத் துடைத்து, திருத்தி, வாடகைக்கு விடுகிறவள் நான். பெயருக்காக ஃபுல் ஃப்ரேம் வாங்கிவிட்டு, ஆறே மாதத்தில் விற்க வந்து கண்ணைக் கசக்குகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் விளங்கிக்கொள். ஃபுல் ஃப்ரேம் என்றால் உள்ளே இருக்கும் சென்சார் பழைய பிலிம் கட்டத்தின் அளவு. உன்னுடையதை விட இரண்டு மடங்குக்கு மேல் பெரிது. வாசல் அகலமாக இருந்தால் வெளிச்சம் கூட வரும், இருட்டு மண்டபத்திலும் முகம் சுத்தமாக விழும். அதே நேரம் பாரமும் கூடும், லென்ஸ் விலையும் கூடும். யானை வாங்குகிறவன் அங்குசத்துக்கும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

நிஸார் முதலாளியிடம் பேசிவிட்டேன். மூன்று கேமராக்களை, ஒன்றன்பின் ஒன்றாக, தெரணியகலை பஸ் கண்டக்டர் கையில் அனுப்புகிறேன். மூன்றுக்கும் ஒரே லென்ஸ். கோயில், கல்யாணம், எது வந்தாலும் எடு. ஆனால் ஒரு படம் மட்டும் எல்லாக் கேமராவிலும் ஒரே மாதிரி வேண்டும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியின் சீமெந்துத் தளம் இருக்கிறதே, அங்கே முக்காலியை வை. மூன்று காலுக்கும் பெயின்ட் அடையாளம் போடு. எதிர் மலையை எடு. நம் லயம், கோயில், பக்டரிப் புகைபோக்கி, மேலே இருக்கிற பாறை, எல்லாம் விழ வேண்டும். காலை எட்டு மணி வெளிச்சம். படங்களை இங்கே ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்து எது கூர்மை என்று சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, படம் நசுங்கிச் செத்துவிடும். மெமரி கார்டைக் கடிதத்தோடு உறைக்குள் வைத்து அனுப்பு.

அப்பாவைத் தனியாகப் பீலிக்குக் குளிக்க விடாதே. பாசி வழுக்கும்.

அக்கா விஜயகலா


மேற்கணக்கு
10.03.2024

அன்புள்ள அக்கா,

தைலம் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. முழங்காலுக்குக் கொடுத்ததைத் தோளுக்கும் முதுகுக்கும் பூசி, வீடே ஆஸ்பத்திரி மணக்கிறது. உனக்குச் சளி விட்டதா?

பெட்டியைத் திறந்து கேமராவைத் தூக்கியதும் வாயைப் பிளந்துவிட்டேன். என்ன பாரம்! இதற்குக் கங்காணி என்று பெயர் வைத்துவிட்டேன். கழுத்தை முறிக்கிறது, அழுத்தினால் படார் என்று அதட்டுகிறது, ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. மாரியம்மன் கோயிலில் கரகம் வந்தபோது விளக்கு வெளிச்சத்திலேயே எடுத்தேன். கரகம் தூக்கினது நம் பக்கத்து வீட்டுத் தினேஷ். அவன் நெற்றியில் வழிந்த வியர்வை துளித் துளியாகத் தெரிகிறது. அவன் மனைவி நிரோஷினி படத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தாள். கல்யாணம் முடித்து ஒரு வருடமாகிறது, புருஷன் முகத்தை இப்போதுதான் பார்க்கிறவள் போல நின்றாள்.

நீ கேட்ட மலைப் படமும் எடுத்தாகிவிட்டது. தொட்டித் தளத்தில் மூன்று சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். கேமராவுக்கு ஈரம் ஏறாமல் அரிசி டின்னுக்குள் வைத்துப் பாதுகாக்கிறேன், கவலைப்படாதே.

தம்பி யோகராஜ்


புறக்கோட்டை
24.03.2024

அன்பான தம்பிக்கு,

எனக்குச் சளி விட்டது, காய்ச்சல் வந்தது உன் கடிதத்தைப் படித்துத்தான். அரிசி டின்னுக்குள்ளா வைத்தாய்? தவிட்டுத் தூசி முழுவதும் கேமராவின் பொத்தான் இடுக்கில். நிஸார் முதலாளி பார்ப்பதற்குள் பல் தேய்க்கிற பிரஷால் இரண்டு மணி நேரம் துடைத்தேன். இனி மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வை.

படம் அருமையடா. கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். பத்துக் கதவையும் எண்ணினேன். நம் வாசலில் அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், சாரத்தின் கட்டம்கூடத் தெரிகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து அப்பாவைப் பார்த்ததும் கடையில் எல்லோருக்கும் முன்னால் அழுதுவிட்டேன்.

இரண்டாவது கேமரா இதோடு வருகிறது. இதில் உள்ளே கண்ணாடி கிடையாது, அதனால் சிறியது. பழைய லென்ஸை மாட்ட நடுவில் ஒரு வளையம் வைத்திருக்கிறேன், அதைக் கழற்றாதே. அப்பாவுக்கு முட்டை வாங்கிக் கொடு.

அக்கா விஜயகலா


மேற்கணக்கு
21.04.2024

அன்புள்ள அக்கா,

வருடப் பிறப்புக்கு நீ வராததில் அப்பாவுக்கு மனவருத்தம். கடைக்கு லீவு இல்லை என்று நான்தான் உனக்காக வாதாடினேன். முட்டை தினமும் ஒன்று கொடுக்கிறேன்.

இந்தக் கேமராவின் பெயர் சின்னத்துரை. நம் தோட்டத்து இளைய அதிகாரியைப் போலவே ஒல்லி, சத்தமில்லை, எதிரே நிற்கிறவரின் கண்ணைத் தானாகவே பிடித்துக்கொள்கிறது. ஒரே குறை, மத்தியானத்துக்குள் பேட்டரி படுத்துவிடும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

மலைப் படத்தை இந்த முறை இன்னும் கவனமாக எடுத்தேன். போன படத்தை டவுனில் பிரிண்ட் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு, அதில் நம் வீட்டுக் கதவு எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் வரும்படி கேமராவைத் திருப்பி நிறுத்தினேன். முக்காலி பொட்டின் மேலேதான்.

மழை பிடித்துவிட்டது. கதவு ஊதிப்போய் மூட மாட்டேன் என்கிறது. கடைசி வீட்டுக் காத்தமுத்து ஆசாரி வந்து சீவிவிட்டுப் போனார்.

தம்பி யோகராஜ்


புறக்கோட்டை
05.05.2024

அன்பான தம்பிக்கு,

நான் சுகம். அப்பாவின் சுகத்தைப் பிறகு விசாரிக்கிறேன், இப்போது எனக்குத் தலை சுற்றுகிறது.

இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தேன். நம் லயம் மயிரிழை பிசகாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கோயில், புகைபோக்கி, பாறை, எல்லாமே மூன்று புள்ளி மேலே ஏறி நிற்கின்றன. புள்ளி என்றால் படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியுமே, அது. ஊரே மேலே ஏறியிருக்கிறது, நம் லயம் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது! இப்படி ஒரு கூத்தை நான் இந்த ஆறு வருடத்தில் கண்டதில்லை.

வளையம் கோணல் என்று நினைத்து நிஸார் முதலாளியிடம் சண்டைக்குப் போனேன். பழுதான சாமானை என் தம்பிக்குத் தந்தீர்களா என்று கேட்டேவிட்டேன். அவர் கடைச் சுவரில் கட்டம் போட்ட தாளை ஒட்டி, லென்ஸையும் வளையத்தையும் என் கண்முன்னாலேயே சோதித்துக் காட்டினார். ஒரு பழுதும் இல்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அப்படியானால் மிச்சம் நீதான். முக்காலியை நகர்த்தினாயா? காலை ஏற்றி இறக்கினாயா? பாறையும் புகைபோக்கியும் நடந்து போகுமா? உள்ளதை எழுது. உன் ஒரு படத்தை நம்பித்தான் என் சீட்டுக் காசு இருக்கிறது.

அக்கா விஜயகலா


மேற்கணக்கு
14.05.2024

அன்புள்ள அக்கா,

அப்பா சுகம்.

நீ சொன்னது சரி. சீமெந்துத் தளம் ஈரமாக இருந்ததால் முக்காலியின் காலைக் கொஞ்சம் இறக்கி வைத்தேன். என் பிழைதான். நிஸார் முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

மூன்றாவது கேமரா வேண்டாம் அக்கா. சின்னத்துரையே போதும், சீட்டு விழுந்ததும் அதையே எடுத்துவிடு. சும்மா நாளை இழுக்காதே.

தினேஷ் வீட்டுக்குப் பின்னால் சமைக்கப் புதுக் குசினி கட்டுகிறான். நானும் கல் தூக்கிக் கொடுக்கிறேன். கை வலிக்கிறது, அதனால் நீளமாக எழுத முடியவில்லை.

தம்பி யோகராஜ்


புறக்கோட்டை
14.06.2024

தம்பி,

போனில் கத்தியதை எழுத்திலும் வைக்கிறேன். போன் பேச்சு காற்றோடு போகும், இந்தக் கடிதத்தை நீ தோட்டத்து ஆபீசிலும் கிராம சேவகரிடமும் காட்ட வேண்டும். அதற்காகத்தான் நாளை விடியற்காலை பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ வேண்டாமென்று எழுதியும் மூன்றாவது கேமராவை நான் அனுப்பினேன். உன்னிடமிருந்து கடிதமே இல்லாமல் கேமராவும் மெமரி கார்டும் மட்டும் திரும்பி வந்தன. கோபத்தில் ஆறு நாள் அதை மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன். அந்த ஆறு நாளுக்கும் இப்போது என்னை நானே ஏசுகிறேன்.

இன்று காலை திறந்தேன். இந்த முறை நீ புகைபோக்கியை நடுவில் வைத்து எடுத்திருக்கிறாய். பழைய படத்தின் மேல் வைத்தேன். புகைபோக்கி சரி. கோயில் சரி. பாறை சரி. நம் லயம் மட்டும் பதினொரு புள்ளி கீழே இறங்கியிருக்கிறது.

நம் கதவு இரண்டரை அடி அகலம். படத்தில் அது இருபது புள்ளி. அப்படியானால் ஒரு புள்ளி ஒன்றரை அங்குலம். பதினொரு புள்ளிக்குக் கணக்குப் போட்டுப் பார். மார்ச்சிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி, பத்து வீடும் மண்ணோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. ஊர் மேலே ஏறவில்லையடா. நாம்தான் கீழே போய்க்கொண்டிருக்கிறோம். நீ நம் கதவை அசையாத பொருள் என்று நம்பி அதற்கு நேராகக் கேமராவைத் திருப்பினாய், அதனால் அசையாததெல்லாம் அசைந்த மாதிரித் தெரிந்தது.

முக்காலியின் காலை இறக்கினால் அவ்வளவு தூரத்தில் மூன்று புள்ளி வித்தியாசம் வராது. மே மாதமே எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நீ சொன்னாய் என்பதற்காக நம்பிவிட்டேன்.

சீட்டு நேற்று விழுந்தது. கேமரா வாங்கவில்லை, வாங்கப்போவதும் இல்லை. அந்தக் காசு டவுன் வீட்டுக்கு. இன்றே அப்பாவைத் தூக்கிக்கொண்டாவது வெளியே வா. பத்து வீட்டையும் வெளியே கொண்டு வா.

அக்கா


பள்ளிக்கூடம், மேற்கணக்கு
25.06.2024

அன்புள்ள அக்கா,

அப்பா உயிரோடு இருக்கிறார், நானும் இருக்கிறேன். போனில் அழுகைதான் வந்தது, ஒன்றையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

உன் போன் வந்த அன்றே, நான் பிரதி வைத்திருந்த முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் டவுனில் பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் பிரட்டுக் களத்துச் சுவரில் ஒட்டினேன். வேலைக்குப் பேர் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். தினேஷ்தான் சொன்னான், "ஏண்ணே, எங்க கல்யாணத்துக்குப் பனிமலையவே கொண்டாந்து வச்ச ஆளு நீங்க. நம்ம லயத்த ஒரு அடி எறக்கி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?" அவன் கேலிக்குத்தான் சொன்னான். இத்தனை வருடமாக நான் எடுத்த ஒரு படமாவது எடுத்தபடியே யார் கைக்காவது போயிருக்கிறதா?

இரண்டு நாள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். கடைசியில் நம்பியது காத்தமுத்து ஆசாரி. அவர் படத்தைப் பார்த்து நம்பவில்லை. இரண்டு மாதத்தில் பத்து வீட்டில் ஒன்பது வீட்டுக் கதவை அவர் சீவியிருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உளியைக் கீழே வைத்தார். "மழைக்கு ஊதின கதவு சுத்திவர இடிக்கும். இது ஒம்பதும் ஒரே மூலையில இடிச்சிச்சு. நான் கூலிய வாங்கிக்கிட்டுப் போயிட்டேன்" என்றார். அன்று மத்தியானமே தன் பெட்டியைத் தூக்கி, மனைவியையும் கூட்டிக்கொண்டு படி இறங்கினார். அவர் இறங்கியதும் ஒவ்வொரு வீடாக இறங்கியது. கிராம சேவகரும் உன் கடிதத்தைப் படித்துவிட்டு மறுபேச்சில்லாமல் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார். பதினெட்டாம் திகதிக்குள் முப்பத்தெட்டுப் பேரும் இங்கே வந்துவிட்டோம்.

இருபதாம் திகதி மழை விட்டு நல்ல வெயில். பதினொரு மணி இருக்கும். புதுக் குசினித் தகரம் வீணாகப் போகுதே, கழற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று தினேஷ் தனியே மேலே போயிருக்கிறான். நான் தொட்டித் தளத்தில் நின்றேன். முதலில் சத்தம் வரவில்லை அக்கா. லயம் அப்படியே முழுசாக, கூரை கலையாமல், தேயிலைச் செடிகளோடு நடந்து வந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. மண் அடங்கியபோது பத்துக் காம்பராவில் ஒரு செங்கல்லும் தெரியவில்லை.

தினேஷை மறுநாள்தான் எடுத்தார்கள். நிரோஷினி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து மாதக் கர்ப்பம். அப்பா அவளுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

தம்பி யோகராஜ்


புறக்கோட்டை
02.07.2024

என் அன்பான தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தினேஷை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நிரோஷினிக்கு இரண்டு புடவையும் சத்து மாவும் அனுப்புகிறேன். அப்பா இரவில் இருமுகிறாரா, பள்ளிக்கூடத்து சீமெந்துத் தரை குளிருமே, அதையும் எழுது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். முப்பத்தெட்டுப் பேர் இருந்த இடத்தில் முப்பத்தேழு பேர் இன்று மூச்சு விடுகிறார்கள். அது உன்னால். நீ கார்டை அனுப்பாமல் விட்டிருந்தால், எல்லோரும் சிரித்ததைப் பார்த்து வாயை மூடியிருந்தால், என்னவாகியிருக்கும்? ஒரு பத்திரிகைக்காரர் கடைக்கே வந்து அந்த மூன்று படத்தையும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நிஸார் முதலாளி மூன்றாவது கேமராவை உனக்கே கொடுக்கச் சொல்லிவிட்டார். ஒரு சதம்கூட வாங்க மாட்டாராம். பெட்டி இந்தக் கடிதத்தோடு வருகிறது. வீடும் ஆயிற்று, கேமராவும் ஆயிற்று. மனதைத் தேற்றிக்கொள்ளடா. தினேஷுக்கு எழுதினது அவ்வளவுதான்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்
அக்கா


பள்ளிக்கூடம், மேற்கணக்கு
09.07.2024

அக்கா,

அப்பாவுக்கு இருமல் இல்லை. பெட்டி வந்தது, நான் திறக்கவில்லை.

நீ என்னைப் புகழாதே. என்னால் தாங்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். முக்காலியை நான் தொடவே இல்லை. காலை இறக்கினேன் என்று எழுதியது பொய்.

மே மாதம் உன் கடிதம் கைக்கு வந்ததும் பிரிண்டை எடுத்துக்கொண்டு தொட்டித் தளத்துக்குப் போனேன். மூன்று பொட்டையும் பார்த்தேன். எதிரே பார்த்தேன். பாறை நடக்காது என்று நீயே எழுதியிருந்தாய். அப்படியானால் நடந்தது எது என்று எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து பின்சுவரின் அடியைத் தோண்டிப் பார்த்தேன். கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. மண்ணைப் போட்டு மூடினேன்.

சொன்னால் நீ சீட்டுக் காசை வீட்டுக்குக் கொடுத்துவிடுவாய், கேமரா போய்விடும் என்று நினைத்தேன். நூறு வருடம் நின்ற லயம், சீட்டு விழும் வரைக்கும் இன்னும் ஒரு மாதம் நிற்காதா என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன் அக்கா, வேறு ஒன்றும் நினைக்கவில்லை. பிறகு மழை நிற்காமல் பெய்ய ஆரம்பித்ததும் பயம் பிடித்தது. வாயால் சொல்லத் தைரியமில்லாமல் புகைபோக்கியை நடுவில் வைத்து எடுத்து, கடிதம் இல்லாமல் கேமராவோடு கார்டை மட்டும் அனுப்பினேன். நீயே கண்டுபிடி என்று உன் தலையில் போட்டேன்.

அந்த ஒரு மாதத்தில்தான் தினேஷ் குசினி கட்டினான். என் கையால் கல் எடுத்துக் கொடுத்தேன். அதே வெடிப்புக்கு மேலேதான் அந்தக் குசினிச் சுவரும் நின்றது.

யோகராஜ்


பள்ளிக்கூடம், மேற்கணக்கு
28.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதினைந்து நாள் கழித்து உன் கடிதம் வந்தது. ஒரே வரி. "இதை எனக்கு எழுதாதே, நிரோஷினியிடம் போய்ச் சொல்." அப்பாவின் சுகத்தைக்கூட நீ கேட்கவில்லை. நீ அப்படி எழுதியதில் பிழையில்லை.

நேற்றுக் காலை போனேன். வராந்தாவில் உட்கார்ந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து, உனக்கு எழுதியதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை, கல்லைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பொறுக்கினாள். பிறகு சுளகைக் கீழே வைத்தாள்.

"அப்ப எங்களுக்கு ஒரு மாசம் இருந்திச்சாண்ணே?" என்று கேட்டாள்.

இருந்தது என்றேன்.

அவள் அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மலை திடீர்னு வந்திருச்சு, யாருக்கும் தெரியாதுன்னு அவங்க அம்மாகிட்ட தினமும் நாந்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். இனிமே நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். அரிசியை நான் எடுத்துக் கொண்டுபோய்ச் சமையல்காரப் பெண்களிடம் கொடுத்தேன்.

தினேஷின் அம்மாவிடம் சாயங்காலம் சொன்னேன். அவர் காது கொஞ்சம் மந்தம், அதனால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அங்கே நடந்ததை உனக்கு எழுத மாட்டேன். நாளை கிராம சேவகர் வாக்குமூலம் எடுக்க வருகிறார். பத்துக் குடும்பமும் இருக்கும். அங்கேயும் சொல்வேன், எழுதிக்கொள்ளச் சொல்வேன். அதற்குப் பிறகு இந்தத் தோட்டத்தில் என்னை யார் வாசலுக்கு அழைப்பார்கள் என்று தெரியவில்லை.

கேமராப் பெட்டியைப் பிரிக்காமல் பஸ்ஸில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நிஸார் முதலாளிக்கு என்ன காரணம் சொல்வதென்று யோசிக்காதே, உள்ளதைச் சொல்லிவிடு. டவுன் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் முதலில் நிரோஷினியும் அந்த அம்மாவும் போகட்டும். அவள் சம்மதிப்பாளா தெரியாது, நீ கேட்டுப் பார், நான் கேட்க முடியாது.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை, நான் ஊற்றிய தேத்தண்ணீரையும் தொடவில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது, தைலம் நான் பூசப்போனால் காலை இழுத்துக்கொள்கிறார். லீவு கிடைத்தால் வா அக்கா. என்னைப் பார்க்க வேண்டாம், அவரைப் பார்த்துவிட்டுப் போ.

யோகராஜ்